முதல் நேர்காணலில் படிவம் நிரம்புகிறது, ஆள் பிடிபடவில்லை

இரண்டாம்ஆண்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மருத்துவ உளவியல் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். நான் நடத்திய முதல் நேர்காணல் ஒன்றை, வந்தவரின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடு ஒலிப்பதிவு செய்திருந்தேன். சென்ற வாரம் அதை மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து கேட்க நேர்ந்தது. ஐம்பது நிமிட உரையாடலில் 84 கேள்விகள் கேட்டிருக்கிறேன் என்பது எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவற்றுள் ஆம் என்றோ, இல்லை என்றோ, ஓர் எண்ணாகவோ பதில் சொல்லிவிட முடியாதவை ஒன்பது மட்டுமே. வந்தவரின் விவரங்களை எழுதும் கேஸ் ஷீட் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. ஆனாலும், "இவர் எதற்காக வந்தார் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள்" என்று மேற்பார்வையாளர் கேட்டபோது, தூக்கமின்மை, பசியின்மை, ஆறு மாதம் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.

அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றிவிட்டு, ஓரிடத்தை மட்டும் எழுதுகிறேன். நடுத்தர வயதுடைய அவர் தூக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, "வேலை முடிஞ்சு வந்தா வாசல்லயே நின்னுடுறேன், உள்ள போகக் கால் வரல" என்றார். அடுத்த நொடியே என் குரல் கேட்கிறது: "சரி, இரவு எத்தனை மணிக்குப் படுப்பீர்கள்?" மேற்பார்வையாளர் என்னைக் கண்டிக்கவில்லை, அந்த இடத்தைப் பின்னோக்கி ஓட்டி மூன்று முறை போட்டுக் காட்டினார். மூன்றாவது முறை கேட்டபோது, அவர் அடுத்த சொல்லுக்காக மூச்சை இழுத்ததும், என் "சரி" அதன் மேல் விழுந்ததும் தெளிவாகக் காதில் பட்டன.

படிவத்தை முழுமையாக நிரப்ப வேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. அதை மீறாமல் ஒருவரைப் பேசவிடுவது எப்படி என்பது என் முதல் சந்தேகம். அடுத்தது மௌனம்: எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தியதும் எனக்குள் ஒரு பதற்றம் எழுகிறது, உடனே ஒரு கேள்வியைப் போட்டு அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறேன். மூன்றாவதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நேர்காணலின் கடைசியில், எழுந்திருக்கப் போகும் நேரத்தில், "தற்கொலை எண்ணம் எதுவும் இல்லையே?" என்று கேட்டிருக்கிறேன். அவரும் "இல்லைங்க" என்றார், நானும் கட்டத்தில் "இல்லை" என்று எழுதினேன். அந்தப் பதிலை இப்போது என்னால் நம்ப முடியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பழையமேசை எழுதியது:

84 என்பது அதிகம்தான். என் பயிற்சிக் காலத்தில் யாரும் எண்ணிப் பார்க்கச் சொல்லாததால் என் கணக்கு எனக்குத் தெரியாமலே போயிற்று. உங்களுடையதைவிடக் குறைவாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மனநல மருத்துவனாக இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டேன், பயிற்சி மாணவர்களின் பதிவுகளையும் தொடர்ந்து கேட்டுவருகிறேன். அதை வைத்து எழுதுகிறேன்.

கேஸ் ஷீட்டில் எழுதும் வரிசையைக் கேட்கும் வரிசையாக எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல் தொடங்கியிருக்கிறது. அந்தப் படிவம், நேர்காணல் முடிந்த பிறகு இன்னொருவர் படித்து விளங்கிக்கொள்வதற்காக வகுக்கப்பட்டது. வந்தவர் தன் வாழ்க்கையை அந்த வரிசையில் வாழவில்லை, அந்த வரிசையில் சொல்லவும் மாட்டார். தூக்கத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியவர் வீட்டு வாசலுக்குப் போகிறார் என்றால், அவர் மனத்தில் அவ்விரண்டும் ஏதோ ஒரு வழியில் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்த வழி எது என்று பார்ப்பதுதான் நேர்காணல். மேலும், மனநிலைப் பரிசோதனையின் கணிசமான பகுதிக்குக் கேள்வியே தேவையில்லை. உடை, தோற்றம், உடலசைவு, பேச்சின் வேகம், குரலின் ஏற்ற இறக்கம், முகத்தில் உணர்ச்சி வந்துபோகும் விதம், எண்ணங்கள் கோவையாக வருகின்றனவா என்பது ஆகிய அனைத்தும், அவர் பத்து நிமிடம் தடையின்றிப் பேசினால் உங்கள் கண்முன் தாமாகவே வந்துவிடும். காலம், இடம் பற்றிய தெளிவு, நினைவாற்றல், காதில் குரல் கேட்பது, பிறர் தனக்குத் தீங்கு நினைக்கிறார்கள் என்ற உறுதி போன்றவற்றைத் தனியே கேட்டுத்தான் அறிய வேண்டும். அவற்றுக்கு ஒதுக்க நேரமும் மிஞ்சும்.

பேசவிட்டால் நேரம் போய்விடும் என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு. 1984-இல் அமெரிக்காவில் ஹோவர்ட் பெக்மனும் ரிச்சர்ட் ஃபிராங்கெலும் 74 மருத்துவச் சந்திப்புகளின் ஒலிப்பதிவை ஆராய்ந்தபோது, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருப்பது தெரியவந்தது. 2002-இல் சுவிட்சர்லாந்தில் இதை மறுபுறத்திலிருந்து பார்த்தார்கள். மருத்துவர்கள் குறுக்கிடாமல் கேட்டால் நோயாளி தானாக நிறுத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். சராசரி 92 நொடிகள். நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். இவை பொது மருத்துவச் சந்திப்புகள், நம் அறைக்கு வருபவர் இன்னும் சற்று நீளமாகப் பேசக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஐம்பது நிமிடம் கையில் வைத்திருக்கும் நாம், முதல் ஐந்து நிமிடத்தைக் கொடுக்கத் தயங்குவதற்கு நியாயம் இல்லை.

இனி, அவர் "கால் வரல" என்று சொன்ன இடத்துக்கு வருவோம். அங்கே கேள்வி வேண்டியதில்லை. அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னால் போதும். ஆனால் நம் மொழியில் இதில் ஒரு நுட்பம் உண்டு. "கால் வரலையா?" என்று சொன்னால் அது கேள்வியாகிவிடுகிறது, அவர் "ஆமாங்க" என்று சொல்லி முடித்துக்கொள்வார். கடைசியில் வரும் அந்த 'ஆ' ஓசையை விட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உள்ள போகக் கால் வரல..." என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், வாக்கியம் முடியாமல் அவர் கையில் இருக்கும். பெரும்பாலும் அவரே தொடருவார். மாறுவதற்கான காரணத்தை வந்தவர் வாயாலேயே வரவைக்கும் ஊக்கமூட்டும் நேர்காணல் முறையை 1983-இல் குடிப்பழக்கம் உள்ளவர்களை முன்வைத்து வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் எழுதத் தொடங்கி, பின்னர் ஸ்டீஃபன் ரோல்னிக்கோடு சேர்ந்து விரிவாக்கினார். அந்த முறையில் பயில்பவர்களின் பதிவுகளை மதிப்பிடும்போது, ஒவ்வொரு கேள்விக்கும் இப்படித் திருப்பிச் சொல்லும் பிரதிபலிப்பு குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பதை நல்ல தேர்ச்சியின் அடையாளமாகக் கொள்கிறார்கள். உங்கள் பதிவில் இந்த விகிதத்தையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

"ஏன்" என்று தொடங்கும் கேள்விகளைக் குறைப்பதும் நல்லது. "ஏன் மாத்திரையை நிறுத்தினீர்கள்?" என்பது, எவ்வளவு மென்மையாகக் கேட்டாலும், நம் காதில் குற்றம் சாட்டுவது போலத்தான் விழும், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படிக் கேட்டுப் பழகிவிட்டோம். "மாத்திரையை நிறுத்தலாம் என்று தோன்றிய நாட்களில் என்ன நடந்துகொண்டிருந்தது?" என்று கேட்டால் அதே செய்தி கிடைக்கும், தற்காப்பு வராது.

மௌனத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை மட்டும். துக்கத்தில் இருப்பவருக்கு அது இடம் கொடுக்கும். பிறர் தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று நம்புபவருக்கு உங்கள் மௌனம் மிரட்டலாகத் தோன்றும். எண்ணம் கட்டுக்கடங்காமல் ஓடும் எழுச்சி நிலையில் இருப்பவரிடம் திறந்த கேள்வியைப் போட்டுவிட்டு மௌனமாக இருந்தால் நேர்காணல் கையை விட்டுப் போய்விடும். அவருக்குக் குறுகிய, தெளிவான, ஒவ்வொன்றாக வரும் கேள்விகளே உதவி.

மாலைப்பணி எழுதியது:

மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். உங்கள் மூன்றாவது சந்தேகத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் காத்திருக்கும்; இது காத்திருக்காது.

"இல்லையே?" என்ற சொல்லில் நீங்கள் எதிர்பார்க்கும் பதில் இருக்கிறது. "இல்லை என்று சொல்லிவிடுங்கள், நான் நிம்மதியாக எழுதிக்கொள்கிறேன்" என்பதுதான் அதன் பொருள். "அப்படி ஒன்றும் தோன்றவில்லைதானே" என்பதும் அதே வகை. இன்னொன்றும் நிறையக் காதில் விழுகிறது: "தவறான முடிவு எதுவும் எடுக்கத் தோன்றியதா?" கேட்பவர் மரியாதைக்காகச் சுற்றிவளைக்கிறார். ஆனால் கேட்கப்படுபவருக்கு, நீ நினைத்தது தவறு என்ற தீர்ப்பு முதலில் போய்ச் சேர்கிறது, கேள்வி பிறகுதான் சேர்கிறது. செத்துப்போகலாம் என்று தோன்றியதா, உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்தீர்களா என்று சொல்லைச் சொல்லியே கேளுங்கள். நம் குரல் தடுமாறாவிட்டால் அவர் குரலும் தடுமாறாது என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. எனக்கும் தொடக்கத்தில் இருந்தது. 2005-இல் மேட்லின் கூல்டும் அவருடைய குழுவினரும் நியூயார்க் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் 2,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினரிடம் தற்கொலை பற்றிக் கேட்டார்கள், மறு பகுதியினரிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களிடம் மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. முன்பே மனச்சோர்வோ, முயன்ற வரலாறோ இருந்த மாணவர்களும் கேட்கப்பட்டதால் மேலும் பாதிக்கப்படவில்லை. 2014-இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விக்கு உண்மையான பதில் வராது, வந்தாலும் கேட்க உங்களுக்கு நேரம் இருக்காது. அவர் தன் துன்பத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் இடத்திலேயே, அதன் தொடர்ச்சியாக வர வேண்டும். "இவ்வளவு நாள் தூக்கமில்லாமல், யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்களுக்குச் சில நேரம் செத்துப்போனால் போதும் என்று தோன்றுவது உண்டு. உங்களுக்கு அப்படித் தோன்றியிருக்கிறதா?" என்று கேட்கலாம். தான் மட்டும் அப்படி நினைக்கவில்லை என்பது தெரிந்ததும் வெட்கம் பாதி இறங்கிவிடும். "ஆம்" என்றால், பொதுவாகப் பேசாமல் நடந்ததை நடந்தபடி படிப்படியாகக் கேளுங்கள்: கடைசியாக எப்போது, அப்போது எங்கே இருந்தார், என்ன செய்யத் தொடங்கினார், எது நிறுத்தியது, நின்ற பிறகு ஆறுதலாக இருந்ததா, ஏமாற்றமாக இருந்ததா. ஷான் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை ஒரு முறையாகவே வகுத்துத் தந்திருக்கிறார். அண்மையில் நடந்தது, அதற்கு முந்தைய சில வாரங்கள், பழைய வரலாறு, இந்த நொடியில் இருக்கும் எண்ணம் என்று காலத்தைப் பகுத்துக்கொண்டு போவார். "கடுமையாக முயன்றீர்களா?" என்பது போன்ற கேள்விகளுக்கு அவரவர் அளவுகோலில்தான் பதில் வரும், நடந்ததைக் கேட்டால்தான் நமக்குத் தெரியும்.

குடும்பத்தார் உடன் இருக்கும்போது இதைக் கேட்காதீர்கள். சிறிது நேரமாவது தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்பாக, நேர்காணலின் தொடக்கத்திலேயே, சொல்வதை வெளியே சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் அப்படி இருக்க முடியாது என்று சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் அது நம்பிக்கைத் துரோகமாகத் தெரியும். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 படிவத்தில், தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்குச் சுழியம் என்று குறித்திருக்கிறார் என்பதற்காகவும் விட்டுவிடாதீர்கள். அது கடந்த இரண்டு வாரத்தை மட்டுமே கேட்கிறது. காகிதத்தில் இல்லை என்று குறித்தவர் அடுத்த பத்து நிமிடத்தில் என்னிடம் ஆம் என்று சொன்னதுண்டு.

நீங்கள் எழுதிய அந்த மனிதரை மறுபடி எப்போது பார்க்கிறீர்கள்? முறைப்படி குறித்த நாள்வரை காத்திருக்காமல், மேற்பார்வையாளரிடம் சொல்லி முன்கூட்டியே அழையுங்கள்.

அளவுகோல் எழுதியது:

மேலே எழுதியவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் படிவத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வரிசையான கேள்விகள் ஏன் வந்தன என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1960-களில் நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு நோய் என்று கண்டறியப்படுவோர் லண்டனைவிட மிக அதிகமாக இருந்தார்கள். லண்டனிலோ மனச்சோர்வு, எழுச்சி போன்ற உணர்வுநிலைக் கோளாறுகள் கூடுதலாகக் கண்டறியப்பட்டன. நோயாளிகளிடம் வேறுபாடா, மருத்துவர்களிடம் வேறுபாடா என்று அறிய, இரண்டு நகரங்களிலும் ஒரே குழுவினர், கேள்விகள் முன்பே வகுக்கப்பட்ட ஒரே கட்டமைக்கப்பட்ட நேர்காணலை நடத்தியபோது, அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்துபோனது. அதாவது, இரு நகரத்து மருத்துவர்களும் தத்தம் பழக்கப்படி கேட்டதும், கேட்டதற்குத் தத்தம் பழக்கப்படி பெயர் வைத்ததும்தான் அவ்வளவு பெரிய இடைவெளியை உண்டாக்கியிருந்தன. இன்று நாம் பயன்படுத்தும் எஸ்.சி.ஐ.டி., மினி போன்ற கட்டமைக்கப்பட்ட நேர்காணல்கள் யாவும் அந்தப் பாடத்தின் வழியில் வந்தவையே.

நன்றாகப் பேசவைக்கத் தெரிந்தவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. முதல் சில நிமிடங்களில் ஒரு கதை உருவாகிவிடுகிறது. அதன் பிறகு அந்தக் கதைக்குப் பொருந்துவதைத்தான் கேட்கிறார்கள். மனச்சோர்வோடு வருபவர், சில ஆண்டுகளுக்கு முன் தூக்கமே தேவைப்படாமல், பணத்தை வாரி இறைத்து, வழக்கத்துக்கு மாறான உற்சாகத்தோடு இருந்த இரண்டு வாரங்களைப் பற்றித் தானாகச் சொல்லவே மாட்டார். அவருக்கு அது நோயாகத் தெரிந்திருக்காது, நல்ல காலமாகத் தெரிந்திருக்கும். கேட்காமல் விட்டு, சோர்வும் எழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்து மட்டும் தனியே போனால் எழுச்சி நிலை தூண்டப்படலாம். குடி, வேறு போதைப்பொருள், உண்ணும் மாத்திரைகள், தைராய்டு, தலையில் அடிபட்டது, சிறுவயதில் நேர்ந்த வன்முறை ஆகியவை எல்லாம் கேட்டால் ஒழிய வராது. திறந்த கேள்வி, வந்தவர் முக்கியம் என்று நினைப்பதைத் தரும். அவர் முக்கியம் என்று நினைக்காததற்குப் பட்டியல்தான் வேண்டும்.

கேள்வியின் சொல் பதிலை மாற்றும் என்பதை மாலைப்பணி தொட்டுக் காட்டியிருக்கிறார். எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1974-இல் செய்த சோதனை இதற்குத் தெளிவான சான்று. கார்கள் மோதும் ஒரே படத்தைப் பார்த்தவர்களிடம், கார்கள் ஒன்றையொன்று "நொறுக்கியபோது" என்ன வேகம் என்று கேட்டால் சராசரி மணிக்குச் சுமார் 41 மைல். "தொட்டபோது" என்று கேட்டால் சுமார் 32. படத்தில் பார்த்த காருக்கே இப்படி என்றால், பல ஆண்டுகளுக்கு முன் தனக்கு நேர்ந்ததை நினைவுகூருபவரிடம் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்? முன்பே சொற்கள் நிறுவப்பட்ட ஒரு கேள்வித்தொகுப்பு இந்த இடத்தில் நம்மைக் காக்கிறது.

ஆகவே என் யோசனை, இரண்டையும் பிரித்துக்கொண்டு, பிரித்திருப்பதை வந்தவரிடமே சொல்லிவிடுவது. முதல் பதினைந்து நிமிடம் அவருடையது. பிறகு, "இப்போது எல்லோரிடமும் கேட்கும் சில கேள்விகளை வரிசையாகக் கேட்கப்போகிறேன். சில உங்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம், சில விசித்திரமாகவும் தோன்றலாம்" என்று முன்னறிவித்துவிட்டுப் படிவத்தை எடுங்கள். கேள்வி மாறியது ஏன் என்று தெரிந்துவிட்டால் அது விசாரணையாகத் தோன்றாது. 84 கேள்விகள் கேட்டது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே வேகத்தில், ஒரே குரலில், முதல் நிமிடத்திலிருந்தே கேட்டதுதான் குறை.

எதிர்நாற்காலி எழுதியது:

நான் நிபுணர் அல்லன். சில ஆண்டுகள் உங்களைப் போன்றோரின் மேசைக்கு மறுபுறம் உட்கார்ந்திருந்தவன். ஒரே வாரத்தில் ஒரே கதையை ஐந்து பேரிடம் சொல்ல நேர்ந்தது. ஐந்தாம் முறை சொல்லும்போது அது வேறு யாருடைய கதையோ போல எனக்கே தோன்றியது. முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு, "நீங்கள் சொன்னதில் இவ்வளவு எனக்குத் தெரியும், இதிலிருந்து தொடங்கலாமா?" என்று கேட்ட ஒரே ஒருவரிடம்தான் நான் புதிதாக எதையாவது சொன்னேன்.

எழுதிக்கொள்வது எனக்குத் தொல்லையாக இருக்கவில்லை. எப்போது எழுதினார்கள் என்பதுதான் தொல்லை. நான் வேலையைப் பற்றிச் சொன்னபோது அசையாதிருந்த பேனா, அழுததைப் பற்றிச் சொன்னதும் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு எதைச் சொன்னால் பேனா ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பேசினேன். என் அண்ணன் உடன் வந்திருந்தபோது கேள்விகள் என்னைப் பார்த்துத் தொடங்கி அவரைப் பார்த்து முடிந்தன. பதிலும் அவரே சொன்னார்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு சொல். அது என் தலைக்குப் பின்னால் சுவரில் இருந்தது. மருத்துவர் நேரம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவர் கண் என் நெற்றிக்கு மேலே போய்த் திரும்பும். இருவருக்கும் தெரியும்படி பக்கவாட்டில் வைத்துவிடுங்கள். நேரம் குறைவு என்றால் நாங்களே சுருக்கிக்கொள்வோம்.

இரண்டாம்ஆண்டு எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மாலைப்பணி அக்கா சொன்னபடி மேற்பார்வையாளரிடம் பேசி, அந்த மனிதரை முன்கூட்டியே அழைத்துப் பார்த்தேன். இந்த முறையும் ஒப்புதலோடு பதிவு செய்தோம். கடிகாரத்தை மேசையின் ஓரத்துக்கு மாற்றிவிட்டேன்.

"போன முறை, வீட்டு வாசலில் நின்றுவிடுவதாகச் சொன்னீர்கள். நான் அதை விட்டுவிட்டு வேறு கேள்விக்குப் போய்விட்டேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். அவர் பேசவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றே நினைத்தேன். பதிவில் பார்த்தால் 14 நொடிகள். பிறகு, "அம்மா படுத்திருந்த ரூமத் தாண்டித்தான் உள்ள போகணும்" என்றார். முதல் நாள் நான் நிரப்பிய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். குடும்ப வரலாறு என்ற பகுதியில் என் கையெழுத்திலேயே, "தாய்: காலமாகிவிட்டார், எட்டு மாதம்" என்று இருக்கிறது. தூக்கம் கெட்டது ஆறு மாதமாக என்பது அதற்கு முந்தைய பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் நானே எழுதியிருந்தேன்.

அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகவே, சுற்றிவளைக்காமல், செத்துப்போகலாம் என்று தோன்றியிருக்கிறதா என்று கேட்டேன். "சாகணும்னு இல்ல. காலைல எழுந்திரிக்காமலே போயிட்டா தேவலன்னு தோணும்" என்றார். முதல் நாள் "இல்லைங்க" என்று சொன்ன அதே மனிதர்தான். திட்டம் ஏதும் உண்டா, முன்பு முயன்றது உண்டா, இப்போது எப்படி இருக்கிறது என்று படிப்படியாகக் கேட்டேன். திட்டமும் முயற்சியும் இல்லை என்று தெரிந்தது. அன்றே மேற்பார்வையாளரையும் அழைத்து, நிலை மோசமாகும்போது முதலில் தெரியும் அறிகுறிகள் எவை, யாரை அழைப்பார், கைக்கெட்டும் தூரத்தில் எவை இருக்கக் கூடாது என்பதை மூவரும் உட்கார்ந்து எழுதினோம்.

அளவுகோல் அவர்கள் சொன்னதும் பலித்தது. "எல்லோரிடமும் கேட்கும் கேள்விகள்" என்று முன்னறிவித்துவிட்டுக் கேட்டபோது, மூன்று மாதமாகத் தினமும் இரவு குடித்துவிட்டுத்தான் படுக்கிறார் என்பது வெளிவந்தது. அம்மாவைப் பற்றி அவ்வளவு பேசியவர் அதைத் தானாகச் சொல்லவில்லை.

இந்த முறை என் கேள்விகள் 37. மேற்பார்வையாளருக்கு மகிழ்ச்சிதான் என்று நினைத்தேன், ஆனால் அவர் வேறொன்றை எண்ணியிருந்தார். "புரிகிறது" என்று 23 முறை சொல்லியிருக்கிறேனாம். கேள்வியை விட்டால் இந்தச் சொல் வந்து ஒட்டிக்கொள்கிறது. இதற்கு என்ன செய்வது?

எதிர்நாற்காலி எழுதியது:

23 என்பது கொஞ்சம் கூடுதல்தான். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால், போதும், நிறுத்திக்கொள் என்று சொல்வது போல இருக்கும். புரிந்துவிட்டது என்றால் மேற்கொண்டு சொல்ல என்ன இருக்கிறது?

பழையமேசை எழுதியது:

அவர் சொன்னதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது. அடுத்த பதிவில் அந்தச் சொல் வாயில் வரும்போதெல்லாம், எதைப் புரிந்துகொண்டீர்களோ அதையே சொல்லிப் பாருங்கள்: "எட்டு மாதமாக அந்த அறைக் கதவைத் தாண்டித்தான் போய்வருகிறீர்கள்." தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அவர் திருத்துவார். "புரிகிறது" என்பதை யாராலும் திருத்த முடியாது.